வராத பிள்ளைக்கு ஒரு போன்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

சங்கரன்கோவில் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். என் மகனுக்குப் பத்து வயது முடிந்து நான்காவது மாதம் ரத்தப் புற்றுநோய் வந்தது. இப்போது ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். கணக்கில் சுமார், பேச்சில் கெட்டிக்காரன். ஆகவே இது துக்கத்தில் எழுதும் கடிதம் இல்லை. ‘குழந்தை’, ‘புற்றுநோய்’ இரண்டையும் ஒரே வரியில் பார்த்தவுடன் பலர் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் கோரிக்கை ஒரு வரிதான். ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் ஒரு குழந்தை குறித்த நாளில் மருத்துவமனைக்கு வரவில்லை என்றால், அதே வாரத்தில் யாராவது அந்த வீட்டுக்குப் போன் போட வேண்டும். போன் எடுக்கவில்லை என்றால் ஆள் போக வேண்டும். இதற்கா இவ்வளவு நீளக் கடிதம் என்று நினைப்பீர்கள். இந்தச் சின்ன வேலை எப்படி மருந்துக்குச் சமமாகிறது என்பதைச் சொல்லத்தான் மீதி எல்லாம்.

என் மகனுக்கு முதலில் வந்தது வெறும் இருமல். படுத்தால் மூச்சு வாங்கும், எழுந்து உட்கார்ந்தால் அடங்கிவிடும். காலையில் முகம் லேசாக உப்பியிருக்கும். ஊரில் ஒரு தனியார் கிளினிக்கில் வீசிங் என்றார்கள். நெபுலைசர் வைத்து, ஐந்து நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாளே பையன் தெருவில் ஓடினான். நாங்களும் சந்தோஷப்பட்டோம். மாத்திரை முடிந்து பத்து நாளில் திரும்ப வந்தது, முன்னைவிட மோசமாக. மறுபடி அதே மாத்திரை. கடைசியில் ஒரு எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது, நெஞ்சுக்கு நடுவில் மூச்சுக்குழாயை நெருக்கிக்கொண்டு ஒரு கட்டி. வெள்ளணு 1,86,000. பத்தாயிரத்தைச் சுற்றி இருக்க வேண்டியது.

அந்த ஸ்டீராய்டு இந்த நோய்க்கும் முதல் மருந்து என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. அதை அரைகுறையாகக் கொடுத்தால் நோய் கொஞ்ச நாள் பதுங்கும், ரத்தப் பரிசோதனையைக் குழப்பும், நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கணிப்பதையும் சிக்கலாக்கும். கிளினிக் டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் வரும் நூறு இருமலும் இருமலாகத்தான் இருந்திருக்கும். இரண்டாம் முறை போனபோதாவது ஒரு எக்ஸ்ரேயும் ஒரு ரத்தப் பரிசோதனையும் எழுதியிருக்கலாம். அவ்வளவுதான்.

சென்னைக்குப் போனோம். எந்த மருத்துவமனை என்று எழுதவில்லை. பின்னால் ஒரு குறை சொல்லப் போகிறேன், அது அந்த ஒரு கட்டடத்தின் குறை இல்லை என்பதால். அங்கே நோயின் பெயர் ‘ஏ.எல்.எல்.’ என்றார்கள், குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய் வகை. அதிலும் ‘ஹை ரிஸ்க்’, அதாவது ஆபத்தான கட்டம் என்றார்கள். நோய் எந்த வகை வெள்ளணுவில் தொடங்கியது என்பதைப் பொறுத்து ‘பி’ செல், ‘டி’ செல் என்று பிரிக்கிறார்கள். ஒன்றிலிருந்து ஒன்பது வயதுக்குள் இருந்து, வெள்ளணு ஐம்பதாயிரத்துக்குக் கீழே இருந்து, ‘பி’ செல் வகையாகவும் இருந்தால் ஓரளவு நல்ல கட்டம். வயது பத்தை எட்டினாலோ வெள்ளணு ஐம்பதாயிரத்தைத் தொட்டாலோ ஆபத்தான கட்டம். என் மகனுக்கு இரண்டும் இருந்தன. போதாததற்கு ‘டி’ செல் வகை. பிறகு எட்டாம் நாள் ரத்தத்தில் எத்தனை நோயணு மிச்சம் என்று ஒரு பரீட்சை. ஐந்தாவது வாரம் எலும்பு மஜ்ஜையில் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவாக இருக்கிறதா என்று இன்னொரு பரீட்சை. பள்ளியில் நான் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போடுகிற ஆள். அந்த ஐந்து வாரம் நான் மதிப்பெண்ணுக்காக வராந்தாவில் காத்திருந்தேன்.

வார்டில் படிக்க நிறைய நேரம் இருக்கும். அங்கேதான் சில விஷயங்கள் தெரிந்துகொண்டேன். இந்த நோய்க்கான முக்கிய மருந்துகளில் பெரும்பாலானவை என்னைவிட வயதானவை. வின்கிறிஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது. எங்கள் பக்கத்து மானாவாரி நிலத்தில் அதைப் பயிர் செய்து ஏற்றுமதிக்கு விற்கிறார்கள். சின்ன வயதில் ‘சுடுகாட்டுப் பூ’ என்று அதைப் பறிக்க விடமாட்டார் ஆச்சி. மெத்தோட்ரெக்சேட்டுக்கு மூத்த மருந்து அமினோப்டெரின். அதை உருவாக்கிய குழுவின் தலைவர் எல்லப்ரகத சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்து, நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் கட்டி வந்ததற்காக ஒரு பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியேறியவர். அவர் அனுப்பிய மருந்தை வைத்துத்தான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவாவது நோய் அடங்குகிறது என்று 1948இல் காட்டினார். என் மகன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை ராத்திரியும் விழுங்கிய எட்டு மஞ்சள் மாத்திரையும் அந்த வம்சம்தான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஏழை நாட்டுக் குழந்தைகள் சாவதற்கு ‘மருந்து விலை’தான் காரணம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. முதல் சுற்று மருந்துக்கு அடங்காத நோய்க்கும் திரும்பி வந்த நோய்க்கும் அது உண்மை. அந்த மருந்துகளின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். முதல் சுற்றுக்கு அது பாதி உண்மைகூட இல்லை. 1970களில் நம் நாட்டின் பெரிய புற்றுநோய் மையங்களிலேயே, இந்த நோய் வந்த குழந்தைகளிலும் இளைஞர்களிலும் நோய் திரும்பாமல் நான்கு வருடம் தாண்டியவர்கள் நூற்றுக்கு இருபதுக்கும் குறைவு. 1984இல் மும்பை டாடா, தில்லி எய்ம்ஸ், நம் அடையாறு மூன்றும் சேர்ந்து எம்.சி.பி.841 என்று ஒரே சிகிச்சை நெறிமுறையைக் கையில் எடுத்தன. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இயன் மக்ராத் உடன் நின்றார். அடையாறில் டாக்டர் சாந்தா. எந்த நாள் எந்த மருந்து, எவ்வளவு, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று மூன்று இடத்திலும் ஒரே ஒழுங்கு. விளைவு, இருபதுக்குக் கீழே இருந்தது நாற்பத்தைந்திலிருந்து அறுபது வரை ஏறியது. புதுசாக ஒரு அதிசய மருந்து வரவில்லை. இருந்த மருந்தை வரிசை தவறாமல், நாள் தவறாமல் கொடுத்தார்கள்.

அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. நம் பிள்ளைகள் மேலை நாட்டுப் பிள்ளைகளைவிட நோய் முற்றிய நிலையில்தான் வருகிறார்கள். வெள்ளணு அதிகம், கட்டிகள் அதிகம். ‘டி’ செல் வகையும் அதிகம், அதிலும் சென்னையில் மிக அதிகம். அதாவது நம்மிடம் வருவதில் பெரும்பங்கு ஏற்கெனவே ஆபத்தான கட்டம். எனக்கு இது படித்தபோது ஒரு விநோதமான ஆறுதல். என் மகன் ஏதோ அபூர்வமான துரதிர்ஷ்டசாலி இல்லை, வரிசையில் ஒருவன்.

ஆபத்தான கட்டத்துக்கு மருந்தைக் கூட்ட வேண்டும். கூட்டினால் நோயணுவோடு எதிர்ப்புச் சக்தியும் சாகும். பணக்கார நாட்டு நெறிமுறையை அப்படியே பெயர்த்து இங்கே நட்டால் கிருமித் தொற்றிலேயே பிள்ளைகள் போய்விடும். பயந்துபோய்க் குறைத்தால் நோய் திரும்பும். நம் டாக்டர்கள் நடக்கும் கயிறு அது. மும்பை, தில்லி, சண்டிகர், கொல்கத்தா, சென்னை மருத்துவர்கள் சேர்ந்து ‘ஐசிக்கிள்’ என்ற கூட்டு ஆய்வை நடத்துவதும் இதற்காகத்தான். ஆபத்துக் குறைந்த பிள்ளைகளுக்கு ஆரம்ப ஸ்டீராய்டை ஐந்து வாரத்திலிருந்து மூன்று வாரமாகக் குறைத்தால் தொற்று குறையுமா என்பது அவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று. நம் மண்ணுக்கு நம் கேள்வி. அந்த வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. டாக்டர்கள் கயிற்றில் நடக்கும்போது கீழே வலை பிடிக்க ஆள் இல்லை என்பதுதான் என் குறை.

பக்கத்துப் பெட்டில் ஆறு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். விளாத்திகுளம் பக்கம். அப்பா கரிமூட்டம் போடுகிறவர், அம்மா சீமைக்கருவேலம் வெட்டப் போகிறவர். வெள்ளணு எண்பதாயிரத்துக்கு மேல், ஆகவே அவளும் ‘ஹை ரிஸ்க்’. ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்டீராய்டு பசியில் என் மகன் புரோட்டா கேட்டு அழுவான், அவள் கருவாட்டுக் குழம்பு கேட்டு அழுவாள். இரண்டுமே கூடாது. நாங்கள் இரண்டு தாய்மாரும் அவித்த உருளைக்கிழங்கை வைத்துச் சமாதானம் பேசுவோம். முதல் மாத மருந்து முடிந்து அவளுடைய மஜ்ஜைப் பரிசோதனை வந்தது. நோயணு இல்லை. அவள் அப்பா ஒரு டப்பா மைசூர்பாகு வாங்கிவந்து வார்டு முழுக்கக் கொடுத்தார். “டீச்சர், சாமி புண்ணியத்துல சரியாயிட்டு. சித்திரைக் கொடைக்குப் போய் முடி இறக்கிட்டு வந்துருதோம்” என்றார். இறக்குவதற்கு அவள் தலையில் முடி ஏது? எல்லோரும் சிரித்தோம்.

அவர்கள் திரும்பி வரவில்லை.

அந்த அப்பாவுக்கு அறிவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர் பார்த்தது என்ன? காய்ச்சலில் துவண்டு வந்த பிள்ளை இப்போது ஓடுகிறாள். காகிதத்தில் ‘இல்லை’ என்று அச்சடித்திருக்கிறது. இந்த நோயின் கபடமே இதுதான். நோய் கண்டுபிடிக்கும்போது உடம்பில் சுமார் ஒரு லட்சம் கோடி நோயணு. நுண்ணோக்கி ‘சுத்தம்’ என்று சொல்லும்போதும் ஆயிரம் கோடி வரை ஒளிந்திருக்க முடியும். அதைத் துரத்தத்தான் மீதி இரண்டு வருடத்துக்கு மேலான மருந்து. இதை முப்பது வினாடியில் ஆங்கிலம் கலந்து சொல்லிவிட்டு, கையெழுத்து வாங்கிவிட்டு, ‘சொல்லியாச்சு’ என்று எழுதிக்கொள்கிறோம். எனக்கே மூன்றாம் தடவை கேட்டபோதுதான் புரிந்தது. நான் முப்பது வருடமாகப் புத்தகத்தோடு வாழ்பவள்.

இதற்கு மேல் பணம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் மருந்துக்கும் படுக்கைக்கும் கொடுத்தது, அதை நன்றியோடு சொல்ல வேண்டும். ரயிலில் புற்றுநோயாளிக்குத் தூங்கும் வகுப்பு இலவசம், கூடப் போகிறவருக்கு முக்கால் பங்கு சலுகை. நாங்களும் பொதிகையில்தான் போய்வந்தோம். ஆனால் சென்னையில் தங்கும் அறைக்கு வாடகை யார் தருவது? ஒரு நாள் மூட்டம் போடாவிட்டால் ஒரு நாள் கூலி இல்லை. வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள், ஒரு ஆடு ஈன்றிருக்கிறது. எனக்கு அரசுச் சம்பளம், மருத்துவ விடுப்பு, எதிர்த்துக் கேள்வி கேட்கும் வாய் எல்லாம் இருந்தன. அதனால்தான் இப்போது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஏழு மாதம் கழித்து அவளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கண் ஒரு பக்கம் இழுத்திருந்தது. நோய் மூளை நீருக்குப் போயிருந்தது. அதற்கப்புறம் நடந்ததை எழுத வேண்டாம்.

அன்றைக்கு நான் வார்டில் ஒரு கேள்வி கேட்டேன். இந்த ஏழு மாதத்தில் யாராவது அவர்களைக் கூப்பிட்டீர்களா? சிஸ்டர் ஃபைலை எடுத்துக் காட்டினார். அதில் இருந்தது அவள் சித்தப்பா நம்பர். அது மாறிவிட்டது. வேறு நம்பர் வாங்கி வைக்கும் வேலை யாருக்கும் இல்லை. வராதவர்களின் பட்டியல் என்று ஒன்று இல்லவே இல்லை. வந்தவர்கள் பட்டியல் இருந்தது, தினம் நூறு பெயரோடு. சிஸ்டரைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு ராத்திரிக்கு ஒரே ஆள் முப்பது குழந்தைக்கு டிரிப்ஸ் பார்க்கிற இடம் அது. சர்வதேசக் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர்கள், தொடர்ந்து நான்கு வாரம் வராவிட்டால் ‘சிகிச்சையைக் கைவிட்டது’ என்று கணக்கில் எழுதச் சொல்கிறார்கள். கணக்குக்கு அது சரி. ஆனால் நான்காவது வாரம் என்பது எழுதுவதற்கான நாள், கூப்பிடுவதற்கான நாள் இல்லை. கூப்பிட வேண்டியது முதல் வாரம். இன்னொன்று, கைவிட்டது என்கிற சொல். யார் யாரைக் கைவிட்டது என்று அந்த வினைச்சொல்லுக்கு எழுவாய் கேட்டுப் பார்க்க வேண்டும். இலக்கணம் நடத்துகிறவள், மன்னியுங்கள்.

இது ஆகாத காரியம் என்று சொல்லிவிடாதீர்கள். பிரேசிலின் வடகிழக்கில் ரெசிஃபி என்று ஒரு நகரம், அந்த நாட்டின் ஏழ்மையான பகுதி. 1980களில் அங்கே இந்த நோய் வந்த குழந்தைகளில் நோய் திரும்பாமல் பிழைத்தவர்கள் நூற்றுக்கு 32. சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் 16. குழந்தைகள் புற்றுநோய்க்கென்று தனிப் பிரிவு வைத்தார்கள், செவிலியருக்குப் பயிற்சி கொடுத்தார்கள், தூரத்திலிருந்து வரும் குடும்பத்துக்குத் தங்க வீடு, பயணத்துக்குக் காசு, சமூகப் பணியாளர் என்று ஏற்பாடு செய்தார்கள். மெம்ஃபிஸிலிருக்கும் செயின்ட் ஜூட் மருத்துவமனை கூட நின்றது. 1997க்கும் 2002க்கும் நடுவில் வந்த குழந்தைகளில் பாதியில் விட்டவர்கள் இருநூறில் ஒருவர். பிழைத்தவர்கள் 63. இது 2004இல் வெளியான கணக்கு, இருபது வருடத்துக்கும் மேல் பழசு. சந்திரனுக்குப் போகிற வித்தை ஒன்றும் அதில் இல்லை.

நம்மிடமோ அதைவிட நல்ல ஏற்பாடு கைவசம் இருக்கிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியது. எங்கள் தெருவில் தன்னார்வலர் அக்கா ஒருத்தர் என் மாமியாருக்குப் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வாசலில் வைத்துக் கொடுத்துவிட்டு, “நேத்து ஏன் நடக்கப் போகல?” என்று அதட்டிவிட்டுப் போவார். அதே அக்கா, இரண்டு வீடு தள்ளி ரத்தப் புற்றுநோய்க்கு மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்த என் மகனைப் பற்றி அறியமாட்டார். அவர் கையிலிருக்கும் பட்டியலில் குழந்தைகள் இல்லை. அந்தப் பட்டியலில் ஒரு பத்தி சேர்க்கச் சொல்கிறேன். ஒரு வட்டாரத்தில் இப்படி மருந்து எடுக்கும் பிள்ளைகள் ஒரு கை விரலுக்குள்தான் இருப்பார்கள். சிகிச்சை தரும் மருத்துவமனை தேதியைச் சொன்னால் போதும், அக்கா போய்க் கதவைத் தட்டிவிடுவார்.

தட்டும்போது மாத்திரையையும் ஒரு பார்வை பார்க்கட்டும். கடைசி இரண்டு வருடம் வீட்டில் நடக்கும் வைத்தியம் அது. மெர்காப்டோப்யூரின் என்ற ஐம்பது மில்லிகிராம் மாத்திரை, வாரத்தில் ஐந்து நாள் ஒன்று, இரண்டு நாள் ஒன்றரை. காகிதத்தை விரித்து, காய் நறுக்கும் சின்னக் கத்தியால் நான் பாதியாக வெட்டுவேன். சில சமயம் தூளாகிவிடும். தூளில் பாதி எது? கவுன்ட், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, குறைந்தால் நிறுத்தச் சொல்வார்கள், ஏறினால் கூட்டச் சொல்வார்கள். நம் ஆசியப் பிள்ளைகள் சிலருக்கு ஒரு மரபணு மாற்றத்தால் இந்த மாத்திரை சாதாரண அளவிலேயே கவுன்ட்டைத் தரைக்குக் கொண்டுபோய்விடும். இதையெல்லாம் போனில் கேட்க ஒரு ஆள் இருந்தால் எத்தனை தாய்மார் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

அப்புறம் காய்ச்சல். மூன்றாவது மாதம், ஊருக்கு வந்திருந்தோம். ராத்திரி பத்து மணிக்கு நெற்றி சுட்டது. நூற்றொன்று. கிருமியை எதிர்க்கும் அணு இருநூறுதான் என்று இரண்டு நாள் முன்னால் பார்த்திருந்தோம். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்று எங்களுக்கு மனப்பாடம். 108 வந்தது, பதினைந்து நிமிடத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் இறக்கிவிட்டது. பணியிலிருந்த இளம் டாக்டர் பாரசிட்டமால் கொடுத்து, காலையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். அவன் சிகிச்சை விவரம் எழுதிய மஞ்சள் அட்டையைக் காட்டினேன். வாங்கிப் படித்தார். “மேடம், நான் இந்த மாதிரி கேஸ் பார்த்ததே இல்ல. தப்பா ஏதாவது போட்டுட்டா?” என்றார். அந்தப் பயம் நியாயமானது. அவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே ஒரு தாள் இல்லை, இந்தக் குழந்தைக்கு இந்த மருந்து, இந்த எடைக்கு இவ்வளவு, முதல் டோஸ் போட்டுவிட்டு அனுப்பு என்று துறை கையெழுத்துப் போட்ட ஒரு தாள். முதல் டோஸ் ஏறியபோது விடிகாலை நான்கு. பையன் ஆறு நாள் ஐ.சி.யு.வில் கிடந்து மீண்டான்.

சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்று ‘நம்மைக் காக்கும் 48’ கொண்டுவந்தவர்கள் நீங்கள். எந்த மருத்துவமனையாக இருந்தாலும் முதலில் உயிரைப் பிடி, மற்றதைப் பிறகு பார் என்கிற எண்ணம் அதில் இருக்கிறது. எங்களுக்கு 48 மணி நேரம்கூட வேண்டாம். ஒரு மணி நேரம் போதும், ஒரு ஊசி.

அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் மருத்துவப் பணிகள் கழகத்தின் இயக்குநருக்கு ஒன்று. அஸ்பராஜினேஸ் என்று ஒரு ஊசி. நோயணுவுக்குத் தனக்கு வேண்டிய அஸ்பராஜின் என்ற சத்தைத் தானே சமைத்துக்கொள்ளத் தெரியாது, ரத்தத்தில் இருந்து எடுத்துத்தான் வாழும். இந்த ஊசி ரத்தத்தில் அதை வற்றவைத்து நோயணுவைப் பட்டினி போடும். ‘டி’ செல் வகைக்கு உயிர்நாடியான மருந்து. ஒரு முறை ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கி வாருங்கள் என்றார்கள். என் கணவர் தெர்மாஸ் பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு எடுத்துக்கொண்டு போனார். மருந்துக்கடையில், “மூணு கம்பெனி இருக்கு, எது வேணும்?” என்று கேட்டார்கள். அவர் என்ன சொல்வார்? விலை நடுவாக இருந்ததை வாங்கிவந்தார். கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி.

அன்றைக்கு அது எங்களுக்குச் சிரிப்பு. பிறகுதான் தெரிந்தது. நம் சந்தையில் விற்கும், ஈ.கோலி என்ற பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் அஸ்பராஜினேஸ் தயாரிப்புகளைக் கொல்கத்தா மருத்துவர்கள் சோதித்து, தரம் திருப்தியாக இல்லை என்று 2021இல் எழுதினார்கள். பிரேசிலில் 2017இல் அரசு மலிவான ஒரு தயாரிப்புக்கு மாறியபோது, கம்பினாஸ் நகரத்துக் குழந்தைப் புற்றுநோய் மையம் அதைச் சோதித்து, அதில் இருக்கக் கூடாத புரதங்கள் கலந்திருப்பதைக் காட்டியது. பெரிய சண்டையே நடந்தது. இந்த மருந்து வேலை செய்யாவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது என்பதுதான் கொடுமை. காய்ச்சல் மாத்திரை போலியென்றால் காய்ச்சல் நிற்காது, கண்டுபிடித்துவிடலாம். இது போலியென்றால் பிள்ளை இன்னும் தெம்பாகத்தான் இருக்கும், பக்க விளைவு இல்லையே என்று நாமும் சந்தோஷப்படுவோம். ஒன்றரை வருடம் கழித்து நோய் திரும்பும்போது ‘ஹை ரிஸ்க், அதான்’ என்று பழி நோயின் மேல் விழும்.

1994இல் உங்கள் கழகம் அமைந்த நாளிலிருந்து, ஒவ்வொரு தொகுதி மருந்தையும் சோதித்த பிறகே வார்டுக்கு அனுப்பும் பழக்கத்துக்கு இந்தியா முழுக்கப் பெயர் வாங்கியிருக்கிறீர்கள். இந்த ஒரு மருந்துக்கு மட்டும் குப்பியைச் சோதிப்பதோடு நிறுத்தாமல், ஊசி போட்ட குழந்தையின் ரத்தத்தில் மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்க மாநிலத்தில் ஓர் ஆய்வகத்துக்காவது பொறுப்புக் கொடுங்கள். சில மில்லி ரத்தம்தான். எந்தத் தயாரிப்பு நல்லது என்று ஒரு வருடத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும், கொள்முதலும் தன்னால் திருந்தும். உலக சுகாதார அமைப்பும் செயின்ட் ஜூடும் சேர்ந்து ஏழை நாட்டுக் குழந்தைகளுக்குத் தரமான புற்றுநோய் மருந்து வழங்கும் ஏற்பாடு ஒன்றை 2021இல் அறிவித்தன. முதலில் மங்கோலியாவுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் மருந்து போய்ச் சேர்ந்திருக்கிறது. நமக்கு அந்த வரிசையில் நிற்கத் தேவையில்லை, மருந்தை நாமே செய்கிறோம். செய்கிறவர்களுக்குப் பரீட்சை வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

2030க்குள் உலகத்தில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் நூற்றுக்கு அறுபதாவது பிழைக்க வேண்டும் என்று 2018இல் உலக சுகாதார அமைப்பு குறி வைத்தது. பணக்கார நாடுகளில் எண்பதுக்கு மேல் ஏற்கெனவே பிழைக்கிறார்கள். பல ஏழை நாடுகளில் முப்பதுக்கும் கீழே. தமிழ்நாடு எங்கே நிற்கிறது என்று ஒரு எண்ணைச் சட்டசபையில் சொல்ல முடிகிற நாள் வர வேண்டும். ஆனால் அந்த எண்ணில், பாதியில் காணாமல் போன பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்களைத் தள்ளிவிட்டுப் போட்ட கணக்கு எங்கள் பள்ளியில் தேர்ச்சி விழுக்காட்டைக் காட்ட சுமாரான பிள்ளைகளைத் தேர்வுக்கு முன்னாலேயே டி.சி. கொடுத்து அனுப்புவது மாதிரி. எனக்கு அந்தத் தந்திரம் தெரியும்.

இதைப் படித்துவிட்டு, ஆள் பற்றாக்குறை என்று யாராவது குறிப்பு எழுதினால், தென்காசி, தூத்துக்குடி மாவட்டத்துப் பெயர்களை எனக்குக் கொடுங்கள். ரகசியம் காக்க எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். சிகிச்சை முடித்த பிள்ளைகளின் அம்மாக்கள் இன்னும் நான்கு பேர் தயாராக இருக்கிறார்கள். அதில் ஒருத்தர் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஒட்டுகிறவர், போனில் பேசினால் யாரும் மறுக்க முடியாத குரல் அவருக்கு. என்னை மதியம் 12.40இலிருந்து 1.20க்குள் கூப்பிடலாம், சாப்பாட்டு நேரம். சாயங்காலம் ஐந்துக்கு மேல் எப்போது வேண்டுமானாலும்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
தென்காசி மாவட்டம்